உடைக்காமலே தளத்தைத் தூக்கி நிறுத்தினாங்க

காட்பாடியில எங்க வீட்டு போர்டிகோ தளம் போன மழைக்கு அப்புறம் கேட் பக்கம் ரெண்டு அங்குலம் இறங்கிடுச்சு. அத்தை ரெண்டு தடவை தடுக்கி விழுந்தாங்க. கொத்தனார் மொத்தத்தையும் உடைச்சுப் புதுசா போடணும்னார். கான்கிரீட் போட்டு வாரக்கணக்கில தண்ணி கட்டணும், அதுவும் வேலூர் வெயில்ல!

ஆனா தளத்தைத் தூக்கி நிறுத்துற வேலை செய்யுற இவங்க, தளத்துல விரல் தடிமனுக்குத் துளை போட்டு, அடியில பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக் நுரையைச் செலுத்தினாங்க. அது உப்ப உப்ப தளம் மெதுவா எழுந்ததை ரசமட்டம் வச்சு நானே பார்த்தேன். அரை நாள் வேலைதான், சாயங்காலமே காரை நிறுத்திட்டோம். பழைய விரிசல் மட்டும் மறையல, அதை முன்னாடியே சொல்லிட்டாங்க. வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே மாடித்தண்ணி விழுற குழாயைத் திருப்பி விடச் சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அடிமண்ணு அரிச்சதே அந்தத் தண்ணியாலதான்.