பட்டை வில்லைகள்: இரண்டாவது கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

பட்டைத் தூளையும் ஆப்பிள் கூழையும் பிசைந்து, நட்சத்திரமாகவும் மணியாகவும் வெட்டிக் காயவைத்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் வில்லைகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் செய்த அதே வாரத்தில் எழுதிவிடுகிறார்கள். அப்போது வீடே மணக்கும். யாராக இருந்தாலும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுவார்கள். அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கும், அதற்கடுத்த டிசம்பரில் என்ன மிஞ்சும் என்று சொல்லத்தான் ஆளில்லை. சிகாகோ புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் கொஞ்சம் புதிதாகச் செய்வோம், பழையவற்றையும் எறிவதில்லை. ஆகவே அந்த மிச்சக் கதையை நான் எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருவம் பல வருடம் தாங்கும். மணம் ஒரு பருவத்துக்குத்தான். இதை ஏற்றுக்கொள்ள முடிந்தவர்களுக்கு இது நல்ல வேலை.

எங்கள் மரம் பிளாஸ்டிக். மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், இலை கொட்டாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் கிட்டப் போய் முகர்ந்தால் அட்டைப்பெட்டி வாசனைதான் வரும். அந்தக் குறையை இந்த வில்லைகள் தீர்க்கின்றன. வெட்டிக் கொண்டுவந்த பால்சம் ஃபிர் மரம் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. அந்த மரமே கூடம் முழுக்க மணக்கும். அதன்மேல் பட்டையையும் ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது என் கட்சி. மரத்தில் தின்பண்டங்களைக் கட்டுவது மிகப் பழைய வழக்கம். 1605ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகர வீடுகளைப் பற்றிய ஒரு குறிப்பில், ஃபிர் மரங்களில் வண்ணக் காகித ரோஜாக்களோடு ஆப்பிள்களும் மெல்லிய வேஃபர்களும் சர்க்கரையும் தொங்கவிடப்பட்டதாக வருகிறது. அன்று முழுதாகத் தொங்கிய ஆப்பிள் இன்று கூழாகிப் பட்டைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அளவு எளிது. ஒரு கப் பட்டைத் தூளுக்கு முக்கால் கப் ஆப்பிள் கூழ். சர்க்கரை சேர்க்காத கூழாக இருக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் வில்லை காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும், பூச்சியும் தேடி வரும். கடையில் புட்டியில் விற்கும் கூழ் பொதுவாக நீர்த்திருக்கும். மெல்லிய துணியில் கட்டி ஓர் இரவு வடியவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் உள்ளே போகாத தண்ணீரைப் பிறகு காயவைக்கவும் வேண்டியதில்லை. தூளில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்து, சப்பாத்திக் கட்டையால் தேய்க்கும்போது அதையே தூவிக்கொள்ளுங்கள். மைதா தூவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் நிற்கும்.

பிசைந்தவுடன் மாவு கையில் ஒட்டும். உடனே இன்னும் தூளைக் கொட்டத் தோன்றும், கொட்ட வேண்டாம். கால் மணி நேரம் மூடிவைத்தால் தானாக இறுகும். பட்டைக்குள் ஈரம் பட்டால் வழவழப்பாகும் பசைப்பொருள் இருக்கிறது. ஆப்பிளில் பெக்டின் இருக்கிறது. இவை இரண்டும்தான் இதில் பசை. கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து பிஸ்கட் அச்சால் வெட்டலாம். அதைவிட மெல்லியதாகத் தேய்த்தால் ஓரம் சுருளும், தடிமனாக விட்டால் நடுவில் ஈரம் தங்கும். துளையைப் பற்குச்சியால் போடாதீர்கள். காயும்போது வில்லை சுருங்கும், துளையும் கூடவே சுருங்கி நூல் நுழையாமல் போகும். ஸ்ட்ராவால் அழுத்தி எடுப்பதே சரி. அச்சுகளில் வட்டம், மணி, தடித்த நட்சத்திரம் போன்றவை நீண்ட நாள் வாழும். மான் வடிவத்தை எங்கள் வீட்டுக் குழந்தைகள் விடுவதில்லை. ஆனால் பழைய மான்களில் கொம்போடு இருப்பது இன்று ஒன்றுகூட இல்லை.

வெறுங்கையால் நெடுநேரம் பிசைந்தால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும். கையுறை நல்லது. தூளைக் கிண்ணத்தில் மெதுவாகச் சரிக்க வேண்டும், பறந்து மூக்கில் ஏறினால் குழந்தைகளுக்கு இருமல் நிற்காது.

இனி எந்தப் பட்டை என்ற கேள்வி. இதில் நம்மவர்களுக்கு ஒரு கௌரவப் பிரச்சினை உண்டு. இலங்கைக் கறுவாதான் அசல், மற்றதெல்லாம் மட்டம் என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். சமையலுக்கு அந்தப் பேச்சில் நியாயம் இருக்கலாம். காகிதச் சுருளைப்போல் அடுக்கடுக்காக இருக்கும் அந்தச் சுருள் பட்டையின் மணம் மென்மையானது, பூவின் சாயல் கொண்டது; பாயசத்துக்கும் தேநீருக்கும் அருமை. ஆனால் மரத்தில் தொங்கி, திறந்த கூடத்தில் எட்டடி தூரத்துக்கு மணக்க வேண்டிய வேலைக்கு அது போதாது. இந்த வேலைக்குத் தடித்த, ஒற்றைச் சுருளாக இருக்கும் கேசியா வகைதான் பொருத்தம். அமெரிக்கக் கடைகளில் வெறுமனே பட்டை என்று விற்பதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வரும் கேசியாதான். சினமால்டிஹைட் என்னும் மணப்பொருள் அதில் ஓங்கியிருக்கிறது. ஈரம் பட்டால் வழவழப்பாகும் அந்தப் பசைத்தன்மையும் அதில் அதிகம், அதனால் மாவு விரியாமல் நிற்கிறது. ஒரு வருடம் சுருள் பட்டைத் தூளில் ஒரு பகுதி செய்து பார்த்தோம். நிறம் அழகான வெளிர் பழுப்பு. மணத்துக்கு மூக்கை வில்லைமேல் வைக்க வேண்டியிருந்தது. விலை வேறு பல மடங்கு.

இந்தியக் கடையில் பட்டையை முழுதாக வாங்கி மிக்ஸியில் அரைப்பது சிக்கனம்தான். ஆனால் சலித்தே தீர வேண்டும். நார் நாராக நிற்கும் துணுக்குகள் அச்சு வெட்டும் இடத்தில் மாவைக் கிழித்துவிடும், அங்கிருந்துதான் பின்னால் விரிசல் ஓடும். அலமாரியின் மூலையில் காலாவதியாகிக் கிடக்கும் தூளை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தூளிலிருந்து மணம் ஏற்கெனவே போய்விட்டது. இல்லாத மணத்தை வில்லை எங்கிருந்து கொடுக்கும்?

சிக்கனம் என்று சொன்னதற்கு ஓர் எல்லை உண்டு. 2023 இறுதியில் அமெரிக்காவில், குழந்தைகளுக்கென்று விற்ற பட்டை கலந்த ஆப்பிள் கூழ் பாக்கெட்டுகளில் ஈயம் இருந்தது தெரியவந்து அவை திரும்பப் பெறப்பட்டன. பட்டையும் ஆப்பிள் கூழும்தான் நம் வில்லையும். அதைத் தொடர்ந்து 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மலிவு விலைக் கடைகளில் விற்ற சில பட்டைத் தூள் வகைகளில் ஈயம் இருப்பதாக எச்சரித்தது. அந்தப் பட்டியலில் பிறகும் பெயர்கள் சேர்ந்தன. தின்னப்போவதில்லையே என்று விட்டுவிட முடியாது. பிசைவது குழந்தைகளின் கை, அந்தக் கை அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும். நான் இப்போது வாங்குமுன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

காயவைப்பதில்தான் இந்த வேலையின் வெற்றியும் தோல்வியும். பெரும்பாலான செய்முறைகள் இரண்டு வழி சொல்லும்: 200 டிகிரி ஃபாரன்ஹீட் அடுப்பில், அதாவது ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸில், இரண்டு மணி நேரம், அல்லது காற்றில் சில நாள். அடுப்பில் வைத்தால் வீடு அபாரமாக மணக்கும், எல்லோரும் மகிழ்வார்கள். மணப்பதெல்லாம் வில்லையை விட்டு வெளியேறும் சரக்கு என்பதை நினைத்தால் எனக்கு மனம் வருவதில்லை. கம்பித் தட்டில் பரப்பிக் காற்றில் காயவிடுவதே என் வழி. சிகாகோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டிருக்கும். வேறெதற்கும் உதவாத அந்த வறட்சி இதற்குப் பெரிய உபகாரம்.

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் மாமியார் முதல் நாள் மாலையே தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, வடகம்போலத்தான் இதுவும். ஒரு பக்கமே காயவிட்டால் முதுகு வளைந்துவிடும். காலையும் மாலையும் புரட்டிப் போடு." புரட்டிப் போட்டவை தட்டையாகவே காய்ந்தன. அதோடு வளையத் தொடங்கியவற்றின் மேல் இன்னொரு கம்பித் தட்டைக் கவிழ்த்து வைத்தார். காற்றும் போகும், பாரமும் இருக்கும். இந்த உத்தியை நான் எந்தச் செய்முறையிலும் பார்த்ததில்லை.

அவர் ஊருக்குத் திரும்பும்போது கொஞ்சம் வில்லைகளைக் கொண்டுபோனார். அங்கே வீட்டில் சவுக்குக் கிளையை வாளி மணலில் நட்டு, குடிலுக்குப் பக்கத்தில் நிறுத்துவது வழக்கம். வடகிழக்குப் பருவமழை முழுதாக விலகாத டிசம்பர். சிகாகோவில் கல்லாகக் காய்ந்திருந்த வில்லைகள் அந்த ஈரக் காற்றில் மெல்ல நெகிழ்ந்தன. நூல் துளையைச் சுற்றி மட்டும் சாம்பல் நிறத்தில் பூசணம் மெலிதாகத் தெரிந்தது. தொலைபேசியில் புலம்பியவர், தாமே வழியும் கண்டார். பூசணத்தைத் துடைத்து, எப்போதும் சூடாக இருக்கும் டிவி செட்டாப் பாக்ஸின் மேல் ராத்திரிதோறும் அவற்றை அடுக்கிவிட்டார். ஆக, ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு என் யோசனை: காற்றை நம்பாதீர்கள். மணம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று அடுப்பு வழியைப் பிடியுங்கள். கூழுக்கும் அங்கே கடையில் அலைய வேண்டாம். ஆப்பிளைத் தோல் சீவி வேகவைத்து மசித்து, நீர் வற்றும்வரை கிளறினால் புட்டிக் கூழைவிடக் கெட்டியாகவே கிடைக்கும்.

இப்போது மணத்துக்கு வருவோம். முதல் டிசம்பரில் வாசல் கதவைத் திறக்கும்போதே தெரியும். ஜனவரியில் பெட்டிக்குள் போகும்போது கையில் எடுத்தால்தான் தெரியும். இரண்டாவது டிசம்பரில் பெட்டியைத் திறந்த அன்று ஒரு வீச்சு வரும், இரண்டு நாளில் அடங்கிவிடும். சினமால்டிஹைட் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. மேற்பரப்பில் மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து சினமிக் அமிலமாக மாறுகிறது. அதற்கு மணம் மிகக் குறைவு. ஆனால் வில்லையின் உள்ளே பழைய மணம் இன்னும் அடைபட்டுக் கிடக்கிறது. பின்புறத்தை நைஸ் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் புதுப் பட்டையை உடைத்ததுபோல் மணம் கிளம்பும். கீழே விழும் பொடியை ஒரு சிறு துணிப்பையில் கட்டி மரத்தின் அடியில் போட்டுவிடுவேன். பட்டை எண்ணெய் ஒரு சொட்டு விடும் வழியும் உண்டு. அதில் எனக்கு ஆர்வமில்லை. தோலில் பட்டால் எரிகிறது, பெயின்ட் பூச்சில் பட்டால் கறை விடுகிறது, மருந்து மாத்திரைபோல் ஒரு காரமும் வருகிறது.

ஒரு சிறு கவனிப்பு. பழைய சீரியல் பல்புகள் கையைச் சுடும். அவற்றின் பக்கத்தில் தொங்கிய வில்லைகள் அந்தச் சூட்டில் சாயங்காலம்தோறும் மணந்தன. எல்.இ.டி. விளக்குக்கு மாறிய பிறகு மரத்தின் மணம் குறைந்துவிட்டது. மின்கட்டணத்தையும் தீ பயத்தையும் நினைத்தால் பழையதற்குத் திரும்ப முடியாது. ஹீட்டர் காற்று வரும் துவாரத்தின் பக்கமாக மரத்தைத் திருப்பி, வில்லைகளை அந்தப் பக்கக் கிளைகளில் கட்டுகிறோம்.

வெள்ளைப் பசை சேர்ப்பதா என்பது அடுத்த சர்ச்சை. கூழில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பசை விட்டால் வில்லை மரத்தரையில் விழுந்தாலும் உடையாது. மணம் மட்டுப்படும், பசை காய்ந்து தூளை உறைபோல மூடிவிடுகிறது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கீழ்க்கிளைகளுக்குப் பசை சேர்த்தவை, மேல்கிளைகளுக்குச் சேர்க்காதவை என்று பிரித்துக்கொள்ளலாம். மைதாவும் உப்பும் பிசைந்து அதில் கொஞ்சம் பட்டை தூவும் மலிவு வழியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்பு ஈரத்தை இழுத்து வியர்க்கும். அதைவிட முக்கியம், நாய் வளர்ப்பவர்கள் வீட்டில் அது ஆபத்து. உப்பு மாவு வில்லையைத் தின்ற நாய்க்கு உடலில் உப்பு ஏறி உயிருக்கே உலை வைக்கலாம். பட்டை வில்லையையும் நாய்க்கு எட்டாமல் வைப்பதுதான் நல்லது.

சேமிப்பதற்கு இறுக மூடும் தகர டப்பா, அடுக்குகளுக்கிடையே காகிதம், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம். பேஸ்மென்ட் கோடையில் ஈரமாக இருக்கும், ஆகவே டப்பா மாடி அலமாரியில்தான் இருக்கிறது. பலசரக்குச் சாமானை அரிக்கும் சின்னஞ்சிறு பழுப்பு வண்டு இதையும் விடாது. ஊசி முனை அளவு ஓட்டையும் அடியில் மெல்லிய பொடியும் தெரிந்தால் அதுதான். டப்பாவில் அடைக்குமுன் வில்லைகளை ஒரு பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. வெள்ளைச் சுவரிலோ மேசை விரிப்பிலோ சாய்த்து வைத்தால் பழுப்புத் தடம் விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பளிப்பாகக் கொடுப்பதாக இருந்தால், வெள்ளைப் பெயின்டால் ஓரத்தில் கோலம் போட்டவை அச்சு அசலாக பிஸ்கட்போல இருக்கும். பள்ளி ஆசிரியைக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலத்தில் "சாப்பிட அல்ல" என்று ஒரு சீட்டு வைத்துவிடுங்கள். முழுக்கக் காயாததை பிளாஸ்டிக் பையில் அடைத்துக் கொடுத்தால் வாங்கியவர் வீட்டில் பூசணம் பூக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததாகத்தான் விரலுக்குத் தெரியும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னொரு நாள் தட்டிலேயே கிடக்கட்டும்.