பழைய அல்லிக்குளம் இப்போது இருக்கைப் பள்ளம்: மார்த்தாண்டம் பக்கத்துக் கட்டுமானக் குழு

முற்றத்துப் பழைய அல்லிக்குளத்தை, இறங்கி உட்காரும் இருக்கைப் பள்ளமாக மாற்றித் தரும் இந்தக் குழுவுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகத் தரலாம். வடிகால் வேலை அவ்வளவு சுத்தம். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். குளத்தின் பழைய சிமெண்ட் தரையை உடைக்காமல் அதன்மேல் ஓடு பதித்தால் தண்ணீர் கட்டி நிற்கும், பாசி பிடித்து வழுக்கும். இந்தக் குழு தரையில் இரண்டடிக்கு ஒரு துளை போட்டு, அரையடி உயரத்துக்கு முக்கால் இஞ்ச் அளவு ஜல்லி நிரப்பி, தாழ்ந்த பக்கத்திலிருந்து நாலு இஞ்ச் குழாயை உறிஞ்சுகுழிக்கு விடுகிறது. பத்தடிக்கு ஒன்றேகால் இஞ்ச் வாட்டம் (சரிவு). வெட்டுகல் (செந்நிற லேட்டரைட் கல்) இருக்கை ஒன்றரை அடி உயரம், கால் தொங்காது. கல்லை மட்டும் தட்டிப் பார்த்து வாங்குங்கள், மென்கல் மழையில் கரையும்.

குறை, பள்ளத்தின் விளிம்பைத் தரைமட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் நாலு இஞ்ச் உயர வரம்பு கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் முற்றத்துச் செம்மண் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும்.