பழைய சூப்பர்ஜெட்: பம்ப் அருமை, கார்புரேட்டர் எருமை

போன வாரம் என் ஜெட் ஸ்கீக்கு (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) வேர் ரிங், அதாவது பம்ப் விசிறியைச் சுற்றியிருக்கும் தேய்மான வளையம், மாற்றி, படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். திருப்பூர்ப் பங்காளி உடனே கேட்டுவிட்டார்: "ஃப்ரீஸ்டைல், அதான் தண்ணில குட்டிக்கரணம் அடிக்கற வித்தை, பழகோணும்ங்க. புதுசு எடுக்கறதா, உங்களாட்டப் பழசா?"

என்னுடையது நின்றே ஓட்டும் யமஹா சூப்பர்ஜெட், டூ ஸ்ட்ரோக், 701 சிசி. 2020-ஓடு அது நின்றுபோய், 2021-இல் 1049 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது. பழசு சுமார் 139 கிலோ, நீளம் 2.24 மீட்டர். புதுசு 170 கிலோ, 2.43 மீட்டர். கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர் 250 கிலோ. அது நேராக விரட்டுவதற்கான வண்டி, அதன் பேச்சை விடுங்கள்.

ஃப்ரீஸ்டைலில் டாப் ஸ்பீடை யாரும் பார்ப்பதில்லை. நின்ற இடத்தில் த்ராட்டிலை அமுக்கினால் மூக்கு எவ்வளவு சடாரென்று எழும்புகிறது என்பதுதான் கணக்கு. இம்பெல்லர்தான் தண்ணீரைப் பின்னால் தள்ளும் பம்ப் விசிறி; பிட்ச் (இறக்கையின் சாய்வு) குறைந்ததைப் போடுவதும் அதற்காகத்தான். அந்த வகையில் பழசை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எனக்கு நடுவில் அந்த எழும்பலே போய்விட்டது. எஞ்சின் அலறும், வண்டி நகராது. உதிரிபாகம் இறக்குமதி செய்து தரும் ஒருத்தர், முழு பம்பையும் மாற்றச் சொல்லி ஒரு விலை சொன்னார். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கலாம். கழற்றிக் கணபதிப் பக்கம் ஒரு லேத்துக்குத் தூக்கிப்போனேன். ஜெட் ஸ்கீயைக் கண்ணால் பார்த்திராத மனுசன். இம்பெல்லரைக் கையால் ஒரு சுற்று சுற்றினார், ஓரத்தில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டார்.

"இது பம்ப் தானுங்களே? கேப் ஒரு மில்லிக்கு மேல போயிருச்சுங்க. தண்ணி பின்னாடியே திரும்பி வந்துருது. ரிங்கை மட்டும் மாத்துங்க, போதும்."

அவ்வளவுதான் விசயம். மணலை உறிஞ்சி உறிஞ்சி ரிங் தேய்ந்திருந்தது. இம்பெல்லர் நுனியில் மடங்கியிருந்ததையும் அவரே ராவிச் சீர்செய்து கொடுத்தார். ஊரெல்லாம் பம்ப் செய்கிற கோயமுத்தூரில் இருந்துகொண்டு, பம்ப் கோளாறுக்கு வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு நாள் வண்டி மேல் பிரியமே வந்துவிட்டது.

பிரியம் கார்புரேட்டர் வரைக்கும்தான். பவானிசாகரிலோ ஆழியாறிலோ நினைத்தபடி இறக்க முடியாது. வாளையார் தாண்டிக் கேரளக் கடலோரம்தான் போக வேண்டும். அதனால் வண்டி பாதி நாள் ஷெட்டில் தூங்குகிறது. ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்த பெட்ரோல் உள்ளேயே கிடக்கும். இப்போது வருவதோ எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரெண்டு கார்புரேட்டரிலும் டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு விறைத்துப்போகும். விடியக்காலை கிளம்பி, ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய் பட்டனை அமுக்கினால் "க்ரீச்… க்ரீச்…" சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் விடாது. உப்புப் போகக் கழுவ வேண்டும்: முதலில் எஞ்சினை ஓடவிட்டு அப்புறம் பைப்பைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது பைப்பை முதலில் மூட வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். எங்கள் போர்த் தண்ணியே உப்பு, அதனால் சிறுவாணித் தண்ணி பிடித்து வைத்துக் கழுவுகிறேன். இதற்கு வீட்டில் கிடைக்கும் வசவு தனி. ஆனால் இது புது வண்டிக்கும் உண்டு, பழசின் தலையில் கட்ட முடியாது.

பங்காளி, நீங்க புதுசே எடுங்க. எடை கூடத்தான், மூக்குத் தூக்க முதுகு வலிக்கும். ஆனா ஃபியூயல் இன்ஜெக்சன், தனியா ஆயில் கலக்கற வேலையும் இல்லை. எதை எடுத்தாலும் காலை மாட்டிக்கற ஃபுட் ஹோல்டுக்குத் தனியாக் காசு ஒதுக்கிருங்க, கம்பெனி வண்டியில அது வராது. அது இல்லாம பேக்ஃபிளிப் அடிச்சா நீங்க ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.