பிராபம் பி.டி.19: முதலாளியே ஓட்டி வென்ற கார்

1966-ஆம் ஆண்டின் பார்முலா ஒன் கார்களை ஒரே வரிசையில் நிறுத்தி, அவற்றுள் எது அதிக சக்தி கொண்டது, எது தொழில்நுட்பத்தில் முன்னோடி என்று கேட்டால், இரண்டு கேள்விகளுக்கும் பிராபம் பி.டி.19 விடையாகாது. ஆனாலும் அந்த ஆண்டின் ஒன்பது சாம்பியன்ஷிப் பந்தயங்களில் நான்கை அடுத்தடுத்து வென்று, தன் உரிமையாளருக்கே மூன்றாவது உலகப் பட்டத்தைத் தேடித் தந்தது இந்தக் கார்தான். தன் பெயர் தாங்கிய காரை ஓட்டி உலக சாம்பியன் ஆனவர் ஜாக் பிராபம் ஒருவரே. இன்றுவரை வேறு எவருக்கும் அது கைகூடவில்லை. ஆகவே இந்தக் காரை மதிப்பிடும்போது, செலவுக் கணக்கையும் ஸ்டீயரிங்கையும் ஒருசேரத் தன் கையில் வைத்திருந்த ஒரு மனிதரின் தொழில் முடிவுகளையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்முலா ஒன் வரலாற்றில் இதைவிட வேகமான கார்கள் ஏராளம், தன் காலத்தின் தேவையை இவ்வளவு சரியாகக் கணித்துச் செய்யப்பட்ட கார்கள் மிகச் சில.

பிராபம் 1926-இல் சிட்னி அருகே ஹர்ஸ்ட்வில்லில் பிறந்தவர். ஆஸ்திரேலிய விமானப்படையில் மெக்கானிக்காகப் பணியாற்றி, மண் தடங்களில் சிறு ரகப் பந்தயக் கார்களை ஓட்டிப் பழகி, 1955-இல் இங்கிலாந்துக்கு வந்து கூப்பர் நிறுவனத்தில் சேர்ந்தார். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த கூப்பர் கார்களில் 1959, 1960 ஆகிய ஆண்டுகளின் உலகப் பட்டங்களை வென்றார். 1959-இல் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த இறுதிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோக, காரைத் தானே தள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடந்து நான்காவதாக முடித்தார். உச்சத்தில் இருந்த அந்த வேளையில்தான் ரான் டாரனாக் என்ற வடிவமைப்பாளருடன் கூட்டுச் சேர்ந்து சொந்தமாகக் கார் கட்டும் தொழிலைத் தொடங்கினார். ‘பி.டி.’ என்பது பிராபம், டாரனாக் என்ற இரு பெயர்களின் முதலெழுத்துகள்.

இந்தக் காரின் உயிர்நாடி அதன் எஞ்சின்தான். 1966-இல் பார்முலா ஒன் விதிகள் மாறி, எஞ்சின் கொள்ளளவின் உச்ச வரம்பு 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராக உயர்ந்தது. பிரிட்டிஷ் அணிகள் பலவற்றுக்கு எஞ்சின் வழங்கிவந்த கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் புதிய எஞ்சின் செய்வதில்லை என்று ஒதுங்கிக்கொள்ள, ஒவ்வோர் அணியும் தன் வழியைத் தானே தேட வேண்டியதாயிற்று. பி.ஆர்.எம். நிறுவனம் பதினாறு சிலிண்டர் கொண்ட, எடை மிகுந்த, சிக்கலான எஞ்சினில் இறங்கியது. ஃபெராரியும் மசெராட்டியும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்களை நம்பின. பிராபமோ ஆஸ்திரேலியாவின் ரெப்கோ நிறுவனத்தை அணுகி, அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காகத் தயாரிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட, எட்டு சிலிண்டர் கொண்ட அலுமினிய வி8 எஞ்சினின் பிளாக்கை அடிப்படையாகக் கொண்டு ஒரு பந்தய எஞ்சின் செய்து தரும்படி கேட்டார். வின்சென்ட் மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின்களால் புகழ்பெற்ற பில் இர்விங் அதை வடிவமைத்தார்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள், சுமார் 300 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் இது ஏமாற்றம் தரும் கணக்கு. போட்டியாளர்களின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கள் இதைவிட அதிக சக்தி தருவதாகச் சொல்லப்பட்டன. ஆனால் ரெப்கோ எஞ்சின் எடை குறைந்தது, நடுத்தர வேகத்திலேயே நல்ல இழுவை தருவது, எரிபொருளையும் சிக்கனமாகக் குடிப்பது. சுமார் 160 லிட்டருடன் ஒரு பந்தயத்தைத் தொடங்க பி.டி.19-ஆல் முடிந்தபோது, கூப்பர்-மசெராட்டி போன்ற கார்கள் ஏறக்குறைய 250 லிட்டரைச் சுமந்துகொண்டு புறப்பட்டன. தொடக்கச் சுற்றுகளில் எதிராளியைவிட அத்தனை எடை குறைவாக இருப்பது பிரேக்குக்கும் டயருக்கும் எவ்வளவு பெரிய சலுகை என்பதைக் குதிரைத்திறன் அட்டவணை காட்டாது. பந்தயத்தின் முழுத் தூரத்தையும் மனத்தில் வைத்துச் சிந்தித்த ஒருவரால்தான் இந்தத் தேர்வைச் செய்திருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரின் எலும்புக்கூடான சட்டகத்திலும் அதே மனப்போக்குதான். 1962-இலேயே லோட்டஸ் நிறுவனம் தகடுகளால் ஆன ஒற்றைக்கூட்டு உடலைக் கொண்டுவந்து, மற்றவர்களும் அதைப் பின்பற்றத் தொடங்கிய பிறகும், டாரனாக் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த பழைய முறையிலேயே நின்றார். விபத்தில் வளைந்த ஒரு குழாயை எந்தப் பட்டறையிலும் வெட்டி மாற்றிவிடலாம் என்பது எளிய பதில். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளைக்கூட அவர் உடலுக்குள் மறைக்காமல் வெளியே காற்றோட்டத்திலேயே விட்டுவைத்தார். காற்றின் தடை சற்றுக் கூடினாலும், பயிற்சியின்போது அவற்றைச் சரிசெய்வது சுலபம். காரின் எடை சுமார் 567 கிலோ. விதி அனுமதித்த குறைந்தபட்ச எடையான 500 கிலோவைவிட இது அதிகம்தான் என்றாலும், அன்றைய களத்தில் மிக இலகுவான 3 லிட்டர் கார்களில் ஒன்றாக இது விளங்கியது. இதில் வியப்புக்குரியது என்னவென்றால், இந்தச் சட்டகம் 1966-க்காகச் செய்யப்பட்டதே அன்று. 1965-இல் வருவதாக இருந்து வராமலே போன கிளைமாக்ஸ் பதினாறு சிலிண்டர் எஞ்சினுக்காகக் கட்டப்பட்டு, பயன்படாமல் கிடந்தது. கிடப்பில் இருந்த அந்த ஒற்றைச் சட்டகத்தில் ரெப்கோவைப் பொருத்தித்தான் பட்டம் வென்றார்கள். பி.டி.19 வகையில் வேறு கார் எதுவும் கட்டப்படவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பொருத்தப்பட்ட ஹ்யூலண்ட் கியர்பாக்ஸ் இதைவிடச் சக்தி குறைந்த எஞ்சின்களுக்காக வடிவமைக்கப்பட்டது. அதைக் காப்பாற்றுவதற்காகப் புறப்பாட்டின்போது பிராபம் மென்மையாகவே கிளம்ப வேண்டியிருந்தது. மொனாகோவில் அந்த கியர்பாக்ஸாலேயே பந்தயத்தை விட்டு விலகினார். ஆண்டின் முதல் நாளில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் நடந்த, சாம்பியன்ஷிப்பில் சேராத பந்தயத்திலும் முன்னிலையில் இருந்தபோது எரிபொருள் செலுத்தும் அமைப்பு பழுதானது. நீண்ட நேர்த்தடங்களில் ஃபெராரிக்கு ஈடுகொடுக்கும் உச்ச வேகமும் இதற்கில்லை.

அந்தக் குறை ரீம்ஸில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஜூலை 3 அன்று நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் லோரென்சோ பாண்டினியின் ஃபெராரி முன்னால் விலகிச் சென்றுகொண்டிருந்தது. அதன் த்ராட்டில் கேபிள் (ஆக்சிலரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் கம்பி) அறுந்த பிறகே பிராபம் முன்னிலைக்கு வந்து வென்றார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்வோர் உண்டு. அறுந்துபோகக்கூடியவற்றைக் குறைத்துக் கட்டிய காருக்கு அத்தகைய அதிர்ஷ்டம் வாய்ப்பதைத் திறமையின் கணக்கிலேயே நான் வைப்பேன். தொடர்ந்து இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச், நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் என்று வெற்றிகள் வந்தன. நாற்பது வயதைத் தாண்டிய கிழவர் என்று பத்திரிகைகள் எழுதியதற்கு விடையாக, சாண்ட்வோர்டில் அவர் நீளமான பொய்த்தாடியை ஒட்டிக்கொண்டு, கோல் ஊன்றியபடி காரை நோக்கி நடந்தார். பிறகு பந்தயத்தை வென்றார். ஆனால் காரின் தரத்துக்கு முழுமையான சான்று நூர்பர்க்ரிங்தான். ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர் நீளச் சுற்று, மழையில் நனைந்த தடம், பின்னால் விடாமல் துரத்திய ஜான் சர்டீஸ். நடுத்தர வேகத்து இழுவையும் இணக்கமான சஸ்பென்ஷனும் வேறெங்கும் இந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.

அன்றைய களம் பலவீனமாக இருந்தது என்ற வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஃபெராரி பிரிட்டிஷ் பந்தயத்துக்கு வரவே இல்லை. சர்டீஸ் ஆண்டின் நடுவில் ஃபெராரியோடு முரண்பட்டு விலகினார். லோட்டஸ் 2 லிட்டர் எஞ்சினோடு திணறியது. எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே கால அவகாசம் என்பதும் உண்மையே. அந்த அவகாசத்துக்குள் எதைச் செய்து முடிக்க இயலும் என்பதை அறிந்திருந்ததுதான் பிராபத்தின் மேன்மை.

இதன் அருமை, சாம்பியன்களாக இருந்து அணி நடத்திய மற்றவர்களோடு ஒப்பிடும்போது இன்னும் விளங்கும். சர்டீஸின் அணியோ, கிரகாம் ஹில்லின் அணியோ, எமர்சன் ஃபிட்டிபால்டியின் அணியோ, ஐந்து ஆண்டுகள் நீடித்த ஆலன் புராஸ்ட்டின் அணியோ ஒரு சாம்பியன்ஷிப் பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் அணிக்கு 1999-இல் ஜானி ஹெர்பர்ட் ஒரே ஒரு வெற்றியைத் தந்தார். ஓட்டும் திறமை இவர்களில் யாருக்கும் குறைவில்லை. பிராபத்திடம் கூடுதலாக இருந்தவை ஒரு மெக்கானிக்கின் கண்ணும், பார்முலா ஒன்னுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த ஒரு வியாபாரமும். பிற பந்தய வகைகளில் ஓட்டுவோருக்குக் கார் கட்டி விற்பதே அந்த நிறுவனத்தின் சோறு. 1960-களில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை மிக அதிகமாக விற்ற நிறுவனங்களில் அது ஒன்று. சிறிய பட்டறை வைத்திருக்கும் வாடிக்கையாளரும் பழுதுபார்க்கக்கூடிய கார் வேண்டும் என்ற அந்தக் கட்டாயமே பி.டி.19-இன் எளிமைக்கும் ஊற்று.

முதலாளியே ஓட்டுநராக இருப்பதில் ஒரு பாதகமும் உண்டு. 1967-இல் புதிய பாகங்கள் எல்லாம் முதலில் பிராபத்தின் காருக்கே வந்தன. சோதிக்கப்படாத அந்தப் பாகங்கள் சில வேளைகளில் அவரைக் கைவிட, நிதானமாகப் புள்ளி சேர்த்த அவருடைய சக ஓட்டுநர் டென்னி ஹல்ம் பட்டத்தை வென்றார். அணி உரிமையாளராக அவருக்கு அது லாபம், ஓட்டுநராக நஷ்டம். 1968-இல் போட்டி அணிகளிடம் இருந்த காஸ்வர்த் டி.எஃப்.வி. எஞ்சினுக்கு ஈடுகொடுப்பதற்காக ரெப்கோ, பக்கத்துக்கு இரண்டு கேம்ஷாஃப்ட்டும் சிலிண்டருக்கு நான்கு வால்வும் கொண்ட சிக்கலான எஞ்சினுக்கு மாறியது. அது அடிக்கடி பழுதாகி, யோகன் ரிண்ட் போன்ற அபாரமான ஓட்டுநரின் ஓர் ஆண்டையே வீணாக்கியது. 1969-இல் பிராபம் அணியே காஸ்வர்த்தை வாங்கிப் பொருத்திக்கொண்டது. 1970-இன் இறுதியில் 44 வயதில் ஓய்வு பெற்ற பிராபம், தன் பங்கை டாரனாக்கிடமே விற்றார்.

பி.டி.19 இப்போது ரெப்கோ நிறுவனத்துக்குச் சொந்தமானது. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் உள்ள தேசிய விளையாட்டு அருங்காட்சியகத்தில் 2008 முதல் வைக்கப்பட்டுவந்தது. பச்சை உடலில் பொன்னிறப் பட்டை ஓடும் அதன் அழகு உடனே கண்ணில் படும். அதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் ஓட்டுநர் இருக்கையைச் சுற்றியுள்ள நீள்வட்டக் குழாய்களையும் வெளியே தெரியும் ஸ்பிரிங்குகளையும் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. டாரனாக்கின் வேலை அங்கேதான் இருக்கிறது.