ஓபன்ஹேப்: நாலு வருஷத்துக்கு அப்புறம், ஒரு மோட்டார் பூட்டு

அவிநாசியில் வீடு கட்டும் மச்சான் போன வாரம் போன் செய்தான். "மாப்ள, நீ வெச்சிருக்கற ஓபன்ஹேப்பையே நானும் போட்டுக்கட்டுமா?" ஓபன்ஹேப் என்பது வீட்டுச் சுவிட்ச், சென்சர், மோட்டார் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இருந்து தானாக ஓட்டும் இலவச மென்பொருள். அவன் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள் காலையில்தான் மேல் டேங்க்கில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அம்மா சம்ப்பில் இருந்து குடம் குடமாகச் சுமந்திருந்தார்.

2021-இல் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டரில் (இனி வெறும் 'பை') ஓபன்ஹேப் 3 போட்டு ஆரம்பித்தது. சாதனங்கள் பேசும் பாஷை வேறு வேறு: கரண்ட் மீட்டர் மோட்பஸ், டேங்க் சென்சர் ஜிக்பீ, சுவிட்சுகள் எல்லாம் டாஸ்மோட்டா என்ற இலவச உள்மென்பொருளை ஏற்றி எம்க்யூடிடி. ஒன்றின் பாஷை இன்னொன்றுக்குத் தெரியாது, ஆனால் 'இது நடந்தால் அதைச் செய்' என்று நான் எழுதிவைத்த ரூலுக்கு அதெல்லாம் தெரியவே வேண்டாம், அது ஐட்டத்தோடு, அதாவது சாதனத்துக்கு ஓபன்ஹேப்புக்குள் நான் வைத்த பெயரோடு மட்டும்தான் பேசும். இதன் அருமை ஒரு கம்பெனி தன் சர்வரை நிறுத்திய அன்றுதான் புரிந்தது. அவர்களுடைய ஆப்பில் மூன்று பிளக்கும் செத்துப்போயின. பிளக்கைப் பிரித்து டாஸ்மோட்டா ஏற்றி, அதே ஐட்டத்தில் பழைய சேனலை (சாதனத்தோடு இருக்கும் இணைப்பை) எடுத்துவிட்டுப் புதியதை இணைத்தேன். ரூலில் ஒரு வரிகூடத் தொடவில்லை. வீட்டில் யாருக்கும் எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. அந்த ராத்திரி எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

சரி, தண்ணீர் கதைக்கு வருகிறேன். மோட்டாருக்கு 'பூட்டு' என்று ஒரு ஐட்டம் வைத்திருக்கிறேன், அதற்குப் பின்னால் எந்தச் சாதனமும் கிடையாது. குழாய் வேலை நடக்கும்போது அதை ஆன் செய்தால் ரூல் மோட்டாரைத் தொடாது. 2025 ஜூலையில் வந்த ஓபன்ஹேப் 5 64-பிட் இல்லாமல் ஓடாது, பையில் இருந்த சிஸ்டம் 32-பிட், அதனால் ஓபன்ஹேபியனை (ஓபன்ஹேப்போடு சேர்ந்து வரும், பைக்கான லினக்ஸ்) புதிதாகப் போட வேண்டியிருந்தது. அன்று பிளம்பரும் வந்திருந்ததால் பூட்டு ஆனில் இருந்தது. பையின் வெளிக்கூட்டை மாற்றுவதற்காக அதை முறையாக ஷட்டவுன் செய்தேன். பிறகு பூட்டை எடுத்துவிட்டேன், 19 நாள் மோட்டார் ஒழுங்காக ஓடியது. இருபதாம் நாள் விடியற்காலை கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் பேட்டரிக்கு மாறும் அந்தக் கணத்தில் பை அணைந்து மறுபடி எழும். எழுந்ததும் பூட்டு ஆன், ரூல் மோட்டாரைத் தொடவில்லை, டேங்க் காலி.

காரணம் இசட்ராம், அதாவது தரவை நினைவகத்திலேயே சுருக்கி வைக்கும் ஏற்பாடு. எஸ்டி கார்டு சீக்கிரம் தேயக்கூடாது என்று ஓபன்ஹேபியன் நடந்தவற்றின் பதிவையும், ஐட்டங்களின் நிலையைச் சேமிக்கும் பெர்சிஸ்டன்ஸ் ஃபோல்டரையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஷட்டவுன் செய்யும்போதுதான் கார்டில் எழுதும். திடீரென்று கரண்ட் போனால் நடுவில் நடந்தது அத்தனையும் போச்சு. ஐட்டங்களின் கடைசி நிலையை வைத்திருக்கும் மேப்டிபி 19 நாள் பழைய நிலையை எடுத்துக் கொடுக்க, ரூல் அதை நம்பியது. கூடவே கரண்ட் கிராஃபிலும் 19 நாள் ஓட்டை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிடக்கூடாது என்று தினமும் அதைப் பார்க்கிற எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆவணத்தில் இதையெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், யுபிஎஸ் வைக்கச் சொல்லியும் இருக்கிறார்கள். தேய்ந்து செத்த கார்டுகளைப் பார்த்தவன் என்பதால் அந்த ஏற்பாட்டின் நியாயமும் புரிகிறது. ஆனால் கரண்ட் நிலையாக இருக்கிற ஊருக்குப் பொருந்துகிற ஏற்பாடு அது. நம் ஊரில் இதைப் போடுகிறவர்கள் முதல் நாளே ஓபன்ஹேபியன்-கான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் இசட்ராமை அணைத்துவிட்டு, கார்டுக்குப் பதில் யுஎஸ்பி எஸ்எஸ்டியில் ஓட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன், பைக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன டிசி யுபிஎஸ்ஸும் வாங்கிவிட்டேன்.

மச்சானிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவனுக்கு நாலு லைட்டும் ஒரு கேட்டும்தான், இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட் போதும். "அப்ப நீ மாத்திருவியா?" என்றான். மாட்டேன். கம்பெனி கைவிட்ட அந்த மூன்று பிளக்கும் இன்றைக்கும் பழைய பெயரிலேயே ஓடுகின்றன.

நேற்று சாயங்காலம் இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டு தடவையும் நான் முதலில் திறந்து பார்த்தது அந்தப் பூட்டைத்தான். ஆஃபிலேயே இருந்தது.