வருத்தம் மருந்துக்குக் கேட்கவில்லையா, மருந்தே உள்ளே போகவில்லையா? குளிசை, மாத ஊசி, குளோசபின்

மனச்சிதைவு (ஸ்கிசோப்ரினியா) வருத்தத்துக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அரச மனநலக் கிளினிக்குகளில் பொதுவாக மூன்று வழியில் மருந்து தரப்படுகிறது: தினமும் விழுங்கும் வழமையான குளிசை, சில வாரத்துக்கு ஒருமுறை போடும் "மாத ஊசி", மற்ற மருந்துகள் பலிக்காதபோது தரும் குளோசபின். "மூன்றில் எது திறம்?" என்றுதான் வீட்டார் கேட்கிறார்கள். மருந்தின் பலத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வருத்தம் திரும்பி வந்திருந்தால், கொடுத்த மருந்து உண்மையிலேயே உடம்புக்குள் போனதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டுவதும்தான் நம் பகுதியில் அதிகம் நடக்கும் பிழை.

முதல் தடவை வருத்தம் வந்தவருக்குக் குளிசைதான் சரியான தொடக்கம். ரிஸ்பெரிடோன் என்றால் 1 அல்லது 2 மில்லிகிராமில் தொடங்கி, பெரும்பாலானோருக்கு 4 முதல் 6 வரை போதும். ஒலன்சபின் 5 அல்லது 10இல் தொடங்கி 20 வரை போகலாம். சரியான அளவுக்கு வந்தபின் 4 முதல் 6 வாரம் பொறுத்துத்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். பத்து நாளில் "குணமில்லை" என்று வேறு டொக்டரிடம் ஓடினால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்துதான். குளிசையின் பெரிய வசதி, அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திச் சில நாளில் உடம்பு தெளியும். ஒலன்சபினை இரவில் ஒரே வேளையாக எடுக்கலாம் என்பதால் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை மக்களுக்கு நோன்பு மாதத்திலும் சிக்கல் இல்லை. (மனநிலை ஏற்றத்தாழ்வுக்குத் தரும் லித்தியம் எடுப்பவர்களின் நிலை வேறு. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காவிட்டால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். நோன்பு தொடங்கும் முன்னரே கிளினிக்கில் கேட்டுவிட வேண்டும்.)

குளிசை தவறுவது யார் கண்ணிலும் படாது என்பதுதான் அதன் பலவீனம். குளிசை கொடுத்துவந்த தாயோ மனைவியோ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டால், அந்தப் பொறுப்பு அம்மம்மாவுக்கும் பள்ளிக்கூடம் போகும் தங்கைக்கும் இடையில் அலைகிறது. அறுவடைக்கு வயல்வாடியில் தங்குபவர், கடலுக்குப் போகிறவர் மருந்து உறையை வீட்டிலேயே விட்டுவிடுகிறார். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது மிச்சக் குளிசையையும் கொண்டுபோங்கள். 28 நாளுக்குத் தந்த 28 குளிசையில் 9 மிச்சம் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகவில்லை. அந்த ஒரு எண், அரைமணி நேரப் பேச்சைவிட டொக்டருக்கு அதிகம் உதவும்.

ஏன் நிறுத்தினார் என்பதையும் ஏச்சுப்பேச்சில்லாமல் கேட்க வேண்டும். ஒலன்சபினில் பசி அடங்காது, உடம்பு வைக்கும், சீனி ஏறும். தொடங்கும்போது நிறையும் வெறும்வயிற்றுச் சீனியும் பார்த்து, மூன்று மாதத்தில் திரும்பவும், பிறகு வருடாவருடமும் பார்க்க வேண்டும். ரிஸ்பெரிடோனிலும் மாத ஊசியிலும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், மார்பில் பால் சுரக்கலாம். ஆண்களுக்கு உறவில் நாட்டம் குறையலாம். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடுவோர் பலர். கேட்டால் சொல்வார்கள், சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

கஞ்சிக்குள்ளோ தேத்தண்ணிக்குள்ளோ தூளாக்கிக் கலந்துகொடுப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. "சாப்பாட்டில் எதையோ போடுகிறார்கள்" என்ற சந்தேகமே வருத்தத்தின் பகுதியாக இருப்பவருக்கு, அது ஒருநாள் உண்மையென்று தெரிந்துவிட்டால் அதன்பின் எந்தச் சோற்றையும் எந்த மருந்தையும் அவர் நம்பமாட்டார்.

இரண்டு தடவை மருந்தை விட்டு, இரண்டு தடவையும் வருத்தம் திரும்பியவருக்கு மாத ஊசிதான் எங்கள் தெரிவு. அதிகம் பாவிப்பது புளூபெனசின் டெகனோயேட். நல்லெண்ணெயில் கரைத்த மருந்து இது. பிட்டத் தசையில் ஆழமாக ஏற்றினால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு வரும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதால் முதலில் 12.5 மில்லிகிராம் பரீட்சை ஊசி, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துத்தான் 25 மில்லிகிராம் போன்ற முழு அளவு, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. எண்ணெய் மருந்து என்பதால் தோலை ஒருபக்கம் இழுத்துப் பிடித்துக் குத்தி, மெதுவாக ஏற்றி, ஊசியை எடுத்தபின் தோலை விட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து வெளியே கசியும். குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஒரே பக்கத்தில் தொடர்ந்து போட்டால் கட்டி விழும். இரத்தத்தில் அளவு நிலைப்பட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதுவரை பெரும்பாலும் குளிசையும் தொடரும். பலிபெரிடோன் போன்ற புதிய மாத ஊசிகளில் கைகால் விறைப்பு குறைவு, விலையோ பல மடங்கு.

ஊசியில் தவறிய தவணை அன்றே தெரிந்துவிடும். ஆள் வரவில்லை என்றால் கொப்பியைப் பார்த்துத் தேடிப்போகலாம். குளிசையில் இது நடக்காது. தவணை ஒழுங்காகப் போட்டும், ஆளில்லாமல் காதில் சத்தம் கேட்பது போன்ற வருத்தத்தின் அறிகுறி நிற்கவில்லை என்றால், அப்போதுதான் வருத்தம் மருந்துக்குக் கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஊசியில் வீட்டார் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஊசியை நிறுத்தினால் உடனே ஒன்றும் ஆகாது. "விட்டு ரெண்டு மாசம், நல்லாத்தானே இருக்கான்" என்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் பழைய மருந்தின் மிச்சம் வேலைசெய்துகொண்டிருக்கும். வருத்தம் பிந்தி வருவதால், ஊசியை விட்டதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தோன்றாது.

மற்றது இன்னும் மோசம். ஊசிக்குப் பிறகு ஆள் ஓரிடத்தில் இருக்க முடியாமல் விறாந்தையில் அங்குமிங்கும் நடப்பார், இருந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும், படுத்தால் எழும்புவார். வருத்தம் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டச் சொல்வார்கள், கூட்டினால் நடையும் கூடும். இது மருந்தின் பக்கவிளைவு. "அந்தரம் மனதிலா, காலிலா?" என்று கேளுங்கள். "கால்தான் விடுகுதில்ல" என்றால் அளவைக் குறைக்க வேண்டும். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு புரப்பிரனோலோல் கொடுக்கலாம். இந்த அந்தரம் தாங்க முடியாமல் உயிரை மாய்க்க நினைப்பவர்களும் உண்டு, அடுத்த கிளினிக் வரை காக்கவைக்காதீர்கள்.

இளைஞர் சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் சில நாளில் கழுத்து ஒருபக்கம் திருகும், கண் மேலே செருகும், நாக்கு இழுக்கும். பார்த்தவர்கள் கோயிலுக்கு ஏற்றிப்போவதில் வியப்பில்லை. ஆஸ்பத்திரியில் இதற்குரிய ஊசி போட்டால் அரைமணி நேரத்தில் பெரும்பாலும் சரியாகும். நேர்ச்சையோ நூல்கட்டோ இருந்துவிட்டுப் போகட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லாதவரை சண்டை பிடிக்கத் தேவையில்லை. விறைப்புக்குத் தரும் பென்செக்சோல் குளிசையை வருடக்கணக்கில் விழுங்கவும் வேண்டாம். ஞாபகம் மங்கும், மலம் இறுகும்.

ஊசி தண்டனையும் அல்ல. "குளிசை போடாட்டி ஊசிதான்" என்று மிரட்டிய வீட்டில், ஆள் கிளினிக் நாளன்று காணாமல் போவார். நாளும் பக்கமும் அவரே தெரிவுசெய்யட்டும்.

இரண்டு வெவ்வேறு மருந்துகள், ஒவ்வொன்றும் சரியான அளவில் குறைந்தது 6 வாரம் உண்மையாகவே உள்ளே போயும் பலனில்லை என்றால், மூன்றாவது நான்காவது மருந்தென்று வருடங்களைத் தொலைக்காமல் குளோசபினுக்குப் போக வேண்டும். 1975இல் பின்லாந்தில், கிருமியை எதிர்க்கும் இரத்த வெள்ளணு வீழ்ந்து சிலர் இறந்தபின் ஒதுக்கப்பட்டு, இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. மற்றவை தோற்ற இடத்தில் வெல்லும், தற்கொலை எண்ணத்தையும் குறைக்கும். விறைப்பும் அந்தரமும் ஊசியைவிட மிகக் குறைவு. பதிலுக்கு வீட்டாரிடம் அது கேட்கும் ஒழுங்கு மிகப் பெரியது.

12.5 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் 300 அளவுக்கு மெல்ல ஏற்றுவார்கள். பொதுவாகப் பின்பற்றும் முறையில் எப்.பி.சி என்னும் இரத்த அணுப் பரிசோதனை முதல் 18 வாரம் வாராவாரம், ஒரு வருடம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதாமாதம். மொத்த வெள்ளணு 3000க்குக் கீழே அல்லது அதில் ஒரு வகையான நியூட்ரோபில் 1500க்குக் கீழே போனால் மருந்து உடனே நிற்கும். காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால் பனடோல் குடித்துப் படுக்காமல் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். மாரியில் டெங்கும் வெள்ளணுவைக் குறைக்கும் என்பதால், குளோசபின் எடுப்பதை வாட்டில் முதலிலேயே சொல்லுங்கள். முதல் இரண்டு மாதத்தில் நெஞ்சுநோ, படபடப்பு வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரத்தத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். மலச்சிக்கலை யாரும் கணக்கெடுப்பதில்லை, அதுவும் உயிரை எடுக்கும். மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பீடி, சிகரெட் குடிப்பவர் திடீரென்று விட்டால் இரத்தத்தில் குளோசபின் ஏறும். விடுவது நல்லதுதான், ஆனால் டொக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு விட வேண்டும்.

48 மணி நேரத்துக்கு மேல் தவறினால் பழைய அளவைப் போடக்கூடாது, திரும்பவும் 12.5இலிருந்துதான். வெள்ளத்தில் படுவான்கரைப் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக்கரை) பாதைகள் அறுபடும் மார்கழி, தை மாதங்களில் இந்த விதிதான் பலரைச் சறுக்கவைக்கிறது. கார்த்திகைக் கிளினிக்கிலேயே மேலதிக மருந்து கேளுங்கள். ஊசிக்காரருக்குச் சில நாள் பிந்தினால் பெரிய சேதமில்லை, வழி திறந்ததும் வந்து போட்டுக்கொள்ளலாம்.

ஊசியிலிருந்து குளோசபினுக்கு மாறும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், வெள்ளணு இறங்கினால் சிக்கலாகிவிடும். அதனால் கடைசி ஊசியின் திகதி, முன்பு எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை வாரம் எடுத்தார் என்ற விபரம் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். குளோசபினின் முழுப் பலனைப் பார்க்க ஆறு மாதம் வரை ஆகலாம்.