சின்ன டர்போவா, பெரிய டர்போவா?

டர்போ பெரிதானால் பவரும் கூடும் என்பது பாதி உண்மைதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை, டர்போவில் இருக்கும் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. எவ்வளவு புகை வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பெரிய டர்போவின் சக்கரம் கனமானது. குறைந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கை) வரும் புகை அதற்குப் போதாது. 1975-ல் விற்பனைக்கு வந்த போர்ஷே 930 கார் இதற்கு நல்ல உதாரணம்: 3 லிட்டர் எஞ்சின், ஒரே ஒரு டர்போ, 260 குதிரைத்திறன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் பெரிதாக ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரேயடியாகப் பாயும். வளைவின் நடுவில் அப்படிப் பாயும்போது பயந்து காலை எடுத்தால், எஞ்சின் பின்னால் இருக்கும் அந்தக் காரின் பின்பக்கம் வெளியே வீசிவிடும். உண்மையிலேயே ஆபத்தான குணம் இது.

சின்ன டர்போ சீக்கிரம் சுழலும், குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே டார்க், அதாவது சுழற்றும் விசை, கிடைக்கும். ஆனால் ஆர்.பி.எம். ஏற ஏற, புகை வெளியேற வழி போதாமல் பின்னழுத்தம் கூடும். கம்ப்ரசரும் தன் எல்லையைத் தாண்டினால் காற்றை வீணாகச் சூடாக்கும். பவர் அங்கேயே நின்றுவிடும்.

1995-ல் 993 டர்போ காரில் போர்ஷே மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு சின்ன டர்போக்களை வைத்தது. 3.6 லிட்டரில் 408 குதிரைத்திறன் வந்தது, மிதித்த பிறகு பாய்வதற்கு ஆகும் தாமதமும் நன்றாகக் குறைந்தது.

தினசரி ஓட்டத்துக்கு என் தேர்வு சின்னதுதான். ஆர்.பி.எம். இறங்கவே இறங்காத ரேஸ் டிராக்கில் மட்டும் பெரியதைப் பொருத்தலாம், அதற்கேற்ற இன்டர்கூலரும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) இன்ஜெக்டரும் (எரிபொருளைத் தெளிப்பது) சேர்த்து.